வீட்டிலேயே சைலன்சர் பைப் வேலை: எக்ஸ்பாண்டர் வாங்குவதற்கு முன் வரும் கேள்விகள்

பழைய கார், வேன், ஜெனரேட்டர் என்று வைத்துக்கொண்டு சைலன்சர் பைப் வேலையைத் தாங்களே பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எக்ஸ்பாண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு கருவியில் இல்லை, அளவெடுப்பதில்தான். அதனால் அளவு பற்றிய பதில்கள் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும். அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பைப் எக்ஸ்பாண்டர்னா என்ன சார்? அதை வெச்சு என்ன செய்வாங்க?

ஒரே அளவுள்ள இரண்டு பைப்பை ஒன்றுக்குள் ஒன்று செருக முடியாது. ஒன்றின் வாயை மட்டும் சில மில்லிமீட்டர் விரித்துவிட்டால் இன்னொன்று அதற்குள் கச்சிதமாக உட்காரும். மேலே கிளாம்ப் போட்டோ, சுற்றி வெல்டிங் வைத்தோ முடித்துவிடலாம். வாயை அப்படி விரிக்கும் கருவிதான் எக்ஸ்பாண்டர். நடுவில் ஒரு இரும்புக் கூம்பு, அதைச் சுற்றி ஆறோ எட்டோ வளைந்த துண்டுகள், எல்லாவற்றையும் ஊடுருவி ஒரு போல்ட். நட்டைத் திருகினால் கூம்பு உள்ளே இழுபடும், துண்டுகள் வெளியே தள்ளப்படும், பைப் விரியும்.

இன்னொரு உபயோகமும் உண்டு. வெட்டும்போதோ, பழைய கிளாம்ப் இறுகியோ நசுங்கிப்போன வாயைத் திரும்ப வட்டமாக்கலாம். பலர் வாங்கிய பிறகு அதிகமாகப் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

ஒரே ஒரு ஜாயின்ட்டுக்காக இதை வாங்கணுமா?

வேண்டாம். பைப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு சைலன்சர் வேலை பார்க்கும் பட்டறைக்குப் போனால் ஹைட்ராலிக் மெஷினில் சில நிமிடத்தில் விரித்துக் கொடுத்துவிடுவார்கள். சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம், மற்ற ஊர்களில் லாரி பட்டறைகள் இருக்கும் சாலையில் விசாரித்தால் கிடைக்கும். லேத் கடையிலும் ஒரு வழி இருக்கிறது: உங்கள் பைப்பின் வெளி விட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல் உள் விட்டத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்து தரச் சொல்லுங்கள். இரண்டு பைப்பும் இரு பக்கமிருந்தும் அதற்குள் நுழையும், விரிக்க வேண்டிய வேலையே இல்லை.

வீட்டில் இரண்டு மூன்று பழைய வண்டிகள் இருக்கிறது, கடலோர ஊர், உப்புக் காற்றில் பைப் அடிக்கடி அரித்துப்போகிறது, வெல்டிங் மெஷினும் கையில் இருக்கிறது என்றால் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

என்னென்ன வகை இருக்கு? வீட்டுக்கு எது சரி?

மேலே சொன்ன போல்ட் வகைதான் வீட்டுக்கு. ஸ்பேனரால் திருகினால் போதும், கரன்ட் வேண்டாம், விரியும் அளவை நட்டின் கால் சுற்று அளவுக்குக் கட்டுப்படுத்தலாம். அடுத்தது அடித்து ஏற்றும் வகை. கூம்பாகக் கடைந்த கெட்டி இரும்பு, படிப்படியாகப் பெரிதாகும் தண்டு, அவ்வளவுதான். வாயில் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஒரே அளவு பைப்பையே எப்போதும் விரிப்பவருக்கு இது நல்லது, வட்டமும் சுத்தமாக வரும். லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பைப்பைக் கழற்றி வைஸில் கெட்டியாகப் பிடித்தால்தான் அடிக்க முடியும். மூன்றாவது ஹைட்ராலிக் வகை. அது பட்டறைக்கு, வீட்டில் வைத்துக்கொள்ளும் சாமான் இல்லை.

ஏ.சி. மெக்கானிக் தம்பிகிட்ட ஒரு எக்ஸ்பாண்டர் இருக்கு. அதுல பண்ணலாமா?

அது மெல்லிய தாமிரக் குழாய்க்கு உள்ளது. தாமிரம் மிருதுவானது, அந்தக் கருவியும் அதற்கேற்ற பலத்தில்தான் செய்யப்பட்டிருக்கும். இரும்புப் பைப்பில் வைத்தால் பைப் விரியாது, அவருடைய கருவிதான் வீணாகும்.

என் பைப் ரெண்டு இன்ச். ரெண்டு இன்ச்னு போட்டிருக்கிற எக்ஸ்பாண்டர் வாங்கினா போதும்ல?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான சைஸை வாங்கிவிடுகிறார்கள். சைலன்சர் பைப்பில் இரண்டு இஞ்ச் என்றால் அது வெளி விட்டம், அதாவது 50.8 மி.மீ. எக்ஸ்பாண்டர் போய் உட்காரும் இடமோ உள்ளே. 16 கேஜ் பைப்பின் கனம் சுமார் 1.6 மி.மீ. இரண்டு பக்கக் கனத்தையும் கழித்தால் உள் விட்டம் 47.6 மி.மீ. ஆகவே கருவி சுருங்கிய நிலையில் 47.6-க்குள் தாராளமாக நுழைய வேண்டும். முழுக்க விரிந்த நிலையில் 52 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மிகக் குறைந்த விட்டம் எவ்வளவு, மிக அதிகமான விட்டம் எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள்.

தண்ணீர்க் குழாய்க் கடையில் ‘இரண்டு இஞ்ச்’ என்பது இன்னொரு கணக்கு. அங்கே அது பெயரளவு உள் விட்டம். அந்தப் பைப்பின் உண்மையான வெளி விட்டம் 60.3 மி.மீ. ஒன்றரை இஞ்ச் என்று அங்கே வாங்கினால் வெளி விட்டம் 48.3 வரும், ஒன்றேகால் வாங்கினால் 42.4 வரும். வண்டியின் பழைய பைப்பை அளக்காமல் இஞ்ச் கணக்கைச் சொல்லி பைப்பும் வாங்கி, எக்ஸ்பாண்டரும் வாங்கினால் மூன்றும் ஒன்றோடொன்று சேராது.

எவ்வளவு விரிக்கணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

உள்ளே போகும் பைப்பின் வெளி விட்டத்தோடு அரை மில்லிமீட்டர் சேருங்கள். அதுதான் விரிந்த வாயின் உள் விட்டம். மேலே சொன்ன பைப்பையே எடுத்துக்கொண்டால் 50.8-உம் 0.5-உம் சேர்ந்து 51.3 மி.மீ. இப்போது இருப்பது 47.6. ஆக 3.7 மி.மீ. விரிக்க வேண்டும், கிட்டத்தட்ட 8 சதவீதம். சாதா இரும்புப் பைப் இதை எளிதாகத் தாங்கும்.

பைப் சின்னதாக ஆக ஆக இந்தச் சதவீதம் கூடும் என்பதைக் கவனியுங்கள். ஒன்றரை இஞ்ச் பைப்பில் அதே 1.6 கனம் என்றால் உள் விட்டம் 34.9, அதே 3.7 மி.மீ. விரிப்பு அங்கே 10.6 சதவீதம். 28 மி.மீ. பைப்பில் அதுவே 15 சதவீதம். சின்னப் பைப் ஏன் சட்டென்று கிழிகிறது என்பதற்குக் காரணம் இதுதான். என் கணக்கில் 10 சதவீதம் வரை கவலை இல்லை, 15 வரை நிதானமாகப் போகலாம், அதற்கு மேல் வேறு வழி பார்ப்பது நல்லது.

விரிந்த பைப் கருவியை எடுத்ததும் ஒரு நூலிழை சுருங்கும். அதனால் கருவியில் 51.3 வரும்போதே நிறுத்தாமல் கால் மில்லிமீட்டர் கூடப் போக வேண்டியிருக்கும். அதைக் கணக்கில் பிடிப்பதைவிட உள்ளே போகும் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு செருகிப் பார்த்துப் பார்த்து விரிப்பதே சரி.

வெர்னியர் இல்லீங்க. டேப்பை வெச்சு அளக்கலாமா?

வெளி விட்டத்தை அளக்கலாம். ஒரு காகிதப் பட்டையைப் பைப்பைச் சுற்றி இறுக்கி, சேரும் இடத்தில் கோடு போட்டு, விரித்து அளந்து 3.14-ஆல் வகுங்கள். 160 மி.மீ. வந்தால் விட்டம் 51. துரு செதிலைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். கனத்தை மட்டும் டேப்பில் நம்ப முடியாது. சாதாரண வெர்னியர் ஒன்று வாங்கிவிடுங்கள், எக்ஸ்பாண்டரைவிட அது அதிகம் உழைக்கும்.

மூணு சைஸ் உள்ள கிட் வாங்கவா, ஒரே டூல்ல எல்லா சைஸும் வருதுன்னு சொல்றதை வாங்கவா?

உங்கள் பைப்பின் அளவு எந்தக் கருவியின் எல்லைக்கு நடுவில் விழுகிறதோ அதை வாங்குங்கள். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். சுருங்கியபோது 42 மி.மீ., விரிந்தபோது 62 மி.மீ. என்று ஒரு கருவி இருக்கிறது. விட்டம் 20 கூடினால் சுற்றளவு 62.8 கூடுகிறது. துண்டுகள் பெரிதாவதில்லையே, அவற்றுக்கு நடுவில் உள்ள சந்துகள்தான் பெரிதாகின்றன. ஆறு துண்டு என்றால் ஒவ்வொரு சந்தும் 10 மி.மீ.க்கு மேல். எட்டுத் துண்டு என்றால் 8-க்குக் கொஞ்சம் கீழே. துண்டு முட்டும் இடத்தில் பைப் புடைக்கும், சந்து உள்ள இடத்தில் தட்டையாக நிற்கும். வட்டம் போய் அறுகோணம் வந்துவிடும், அதில் கிளாம்ப் போட்டாலும் புகை கசியும்.

அதனால் அகலமான எல்லை என்பது பெருமைக்குரிய விஷயம் இல்லை. ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் அந்தக் காருக்கேற்ற ஒற்றைக் கருவியை, எட்டுத் துண்டு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும். பல வண்டி வேலை பார்ப்பவருக்கு மூன்று சைஸ் கிட் சரி.

கடையில கையில எடுத்துப் பார்க்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

முதலில் மரை. நட்டைக் கையால் முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள், எங்கேயும் கடிக்கக் கூடாது. போல்ட் தடிமனாக இருக்க வேண்டும். இந்தக் கருவியில் முதலில் சாகும் இடம் மரைதான். நட்டுக்கும் உடலுக்கும் நடுவில் கெட்டியான வாஷரோ பேரிங்கோ இருந்தால் திருகுவது பாதி இலகுவாகும்.

அடுத்து துண்டுகள். வெளிப்பக்கம் வழவழப்பாகக் கடையப்பட்டிருக்கிறதா, ஓரங்கள் கூராக இல்லாமல் மழுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூரான ஓரம் பைப்பின் உள்பக்கம் நீளவாக்கில் கோடு கிழிக்கும், கிழிசல் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும். துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது ரப்பர் வளையமா, ஸ்பிரிங் வளையமா என்றும் பாருங்கள். ரப்பராக இருந்தால் உதிரி வளையம் கிடைக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது அறுந்துபோகும். ஸ்பிரிங் நீண்ட நாள் வரும்.

எவ்வளவு கனம் வரைக்கும் கையால விரியும்?

1.2 மி.மீ. சுகமாக விரியும், 1.6 மி.மீ. கொஞ்சம் மூச்சு வாங்கும், 2 மி.மீ.க்கு நீளமான கைப்பிடியும் பொறுமையும் வேண்டும். 3 மி.மீ. கனப் பைப்பை இந்தக் கருவியில் வைக்காதீர்கள்.

பலத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்த்தால் ஏன் என்று புரியும். 1.6 மி.மீ. கனமுள்ள சாதா இரும்புப் பைப்பை 50 மி.மீ. நீளத்துக்கு விரிக்க, துண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிப்பக்கம் தள்ள வேண்டிய பலம் தோராயமாக 12 டன். கனம் இரட்டிப்பானால் பலமும் இரட்டிப்பாகும். இத்தனையும் ஒரு போல்ட்டின் மரை வழியாக வர வேண்டும். கிரீஸ் இல்லாமல் திருகினால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும், பைப்புக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

ஹார்டுவேர் கடையில ஜி.ஐ. பைப் சல்லிசா கிடைக்குது. அதையே விரிச்சுப் போட்டா என்ன?

இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஒன்றரை இஞ்ச் தண்ணீர்ப் பைப்பின் நடுத்தர ரகமே 3.2 மி.மீ. கனம், மேலே சொன்ன கணக்குப்படி கையால் விரியாது. வண்டியில் மாட்டினால் எடையும் அதிகம், தொங்கும் ரப்பர்கள் சீக்கிரம் அறும்.

இரண்டாவது காரணம் உங்கள் உடம்பு. ஜி.ஐ. என்றால் துத்தநாகப் பூச்சு. வெல்டிங் சூட்டில் துத்தநாகம் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். வெல்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த காய்ச்சல் அது. மூடிய ஷெட்டில் வெல்டிங் வைப்பவர்கள் இந்தப் பைப் பக்கமே போகக் கூடாது. இ.ஆர்.டபிள்யூ. கருப்புப் பைப் (தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்டிங் தையல் போட்ட, துத்தநாகப் பூச்சில்லாத பைப்) என்று கேட்டு வாங்குங்கள், 16 கேஜ் அல்லது 18 கேஜ்.

எந்தப் பைப்போட வாயை விரிக்கணும்? இன்ஜின் பக்கம் இருக்கிறதா, பின்னாடி இருக்கிறதா?

பின்னால் இருக்கும் பைப்பின் முன்வாயை. புகை இன்ஜினிலிருந்து பின்பக்கம் போகிறது. முன்பைப் உள்ளே நுழைந்து நின்றால் புகை வழுக்கிக்கொண்டு போகும். மாற்றிப் போட்டால் உள்பைப்பின் வெட்டு முனை புகைக்கு எதிராக நிற்கும், சந்துக்குள் புகையும் ஈரமும் தள்ளப்படும், சீக்கிரம் கசியும்.

சரி, வாங்கிட்டேன். எப்படி விரிக்கிறது, படிப்படியாச் சொல்லுங்க.

பைப்பை நேராக வெட்டுங்கள். கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு வெட்டினால் உள் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரை வட்ட அரத்தால் முழுக்க எடுக்க வேண்டும். பிசிறும் சின்ன வெட்டுக்காயமும்தான் கிழிசலின் ஆரம்பம். பைப்புக்குள் நீளவாக்கில் ஒரு வெல்டிங் தையல் ஓடுவதைப் பார்ப்பீர்கள். வாயிலிருந்து 50 மி.மீ. வரை அந்த மேட்டை அரத்தால் சமப்படுத்துங்கள். வெளியே மார்க்கரால் தையல் எங்கே இருக்கிறது என்று கோடு போட்டு வையுங்கள். செருகும் நீளத்துக்கும் ஒரு கோடு: 40 முதல் 50 மி.மீ. போதும்.

கூம்பிலும் மரையிலும் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள், மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ் இருந்தால் இன்னும் நல்லது. துண்டுகளின் வெளிப்பக்கம் எண்ணெய் ஒரு பூச்சு. கருவியைக் கோடு வரை உள்ளே விட்டு, தையல் ஒரு துண்டின் நடுவில் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள், சந்தில் விழக் கூடாது. கையால் இறுகும் வரை திருகி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. தளர்த்துங்கள். கருவியைப் பாதித் துண்டு அளவுக்குத் திருப்பி வையுங்கள். முதலில் சந்தாக இருந்த இடத்தில் இப்போது துண்டு முட்டும். மறுபடி அரைச் சுற்று. தளர்த்தி, திருப்பி, மீண்டும். தையல் சந்தில் வரும் முறை மட்டும் கால் சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே மூச்சில் முழுக்க விரித்தால் அறுகோணம்தான் வரும் என்று மேலே பார்த்தோம். இப்படித் திருப்பித் திருப்பி விரித்தால் உள்ளே விரலை விட்டுத் தடவும்போது மேடுகள் மெல்லியதாகத்தான் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மற்ற பைப்பைச் செருகிப் பாருங்கள். கையால் அழுத்தித் திருகினால் இறுக்கமாக நுழையும் நிலைதான் சரியான நிலை. லொடலொடவென்று ஆடினால் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, அந்தச் சந்தை வெல்டிங்தான் அடைக்க வேண்டும்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வளையம் அறுந்தால் துண்டு தெறிக்கும்.

விரிக்கும்போது பைப் நீளவாக்குல கிழிஞ்சிடுச்சு. டூல் கோளாறா?

கிழிசல் எங்கே என்று பாருங்கள். தையலின் மேலேயே கிழிந்திருந்தால் மலிவான பைப், அல்லது தையல் சந்தில் விழுந்திருக்கிறது. வேறு இடத்தில், வெட்டு முனையிலிருந்து தொடங்கியிருந்தால் பிசிறு எடுக்கவில்லை. பழைய பைப்பாக இருந்து செதில் செதிலாகப் பிளந்திருந்தால் துரு உள்ளே தின்றுவிட்டது. ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் நல்ல இரும்பு வரும் இடம் வரை வெட்டியே ஆக வேண்டும். துருப்பிடித்த பழைய பக்கத்தை விட்டுவிட்டுப் புதுப் பைப்பின் பக்கத்தை விரிக்க வழியிருந்தால் எப்போதும் அதையே செய்யுங்கள்.

சின்னக் கிழிசல் என்றால் அந்த 50 மி.மீ.ஐ வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வெல்டிங் வைத்து அடைத்து அதன் மேலேயே விரிக்கப் பார்த்தால் பக்கத்தில் கிழியும். இதனால்தான் பைப் வாங்கும்போது ஒரு ஜாண் கூடுதலாக வாங்கச் சொல்வது.

இம்பாக்ட் கன் போட்டா சீக்கிரம் முடியுமே?

சீக்கிரம் மரையும் முடிந்துவிடும். 12 டன் கணக்கை நினைத்துப் பாருங்கள். கையால் திருகும்போது இரும்பு எங்கே இளகுகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பது ஸ்பேனர் வழியாகத் தெரியும். கன் அதைத் தெரிய விடாது.

சூடு பண்ணி விரிச்சா ஈஸியா வருமா?

சாதா இரும்புக்கு மட்டும், அதுவும் கருவியை உள்ளே வைத்துக்கொண்டு இல்லை. துண்டுகள் கடினப்படுத்தின இரும்பு. செக்கச் சிவந்தால் அந்தக் கடினம் போய்விடும், ரப்பர் வளையம் எரிந்துவிடும். கேஸ் கட்டரின் நெருப்பில் வாயைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீர் ஊற்றாமல் தானே ஆற விட்டு, ஆறின பிறகு விரிக்கலாம். விரிக்கும்போது இறுகிப்போன இரும்பு இப்படிக் காய்ச்சினால் மறுபடி இளகும். 10 சதவீதத்துக்கு மேல் விரிக்க வேண்டியிருந்தால் நடுவில் ஒரு முறை இதைச் செய்வது பலன் தரும்.

அலுமினியம் பூசின பைப்பில் பூச்சு 660 டிகிரியிலேயே உருகிவிடும், ஜி.ஐ. பைப்பில் புகைப் பிரச்சினை. இரண்டையும் காய்ச்சாதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்புக்கும் இதே டூல் போதுமா?

முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வரும் சைலன்சர்களில் 409 என்ற ரகம் அதிகம், அதில் காந்தம் ஒட்டும். 1.2 மி.மீ. கனம் வரை கையால் விரியும், ஆனால் வெல்டிங் தையலில் விரிசல் விடும் குணம் உண்டு. தனியாக விற்கும் பளபளப்பான பைப் பெரும்பாலும் 304, காந்தம் ஒட்டாது. அது நன்றாக விரியும், விரிய விரிய இறுகும், கருவியை எடுத்ததும் சாதா இரும்பைவிட அதிகமாகச் சுருங்கும். கொஞ்சம் கூடுதலாக விரித்துத்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

டூல் உள்ளேயே மாட்டிக்கிச்சு, வெளிய வரல. பைப்பை வெட்டிடவா?

வெட்டாதீர்கள். கூம்பு சரிவு குறைவாக இருந்தால் நட்டைத் தளர்த்தினாலும் அது பிடித்த பிடியை விடாது. நட்டை முழுக்கக் கழற்றாமல் போல்ட் முனைக்குச் சமமாக நிறுத்தி, அதன் மேல் ஒரு பித்தளைத் துண்டையோ கட்டையையோ வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு கெட்டித் தட்டு. கூம்பு பின்வாங்கும், துண்டுகள் சுருங்கும். நட் இல்லாமல் வெறும் போல்ட்டில் அடித்தால் மரை நசுங்கி நட் திரும்ப ஏறாது.

வண்டிக்கு அடியிலயே படுத்துக்கிட்டு விரிக்கலாமா, கழட்டித்தான் ஆகணுமா?

முடிந்தவரை கழற்றி வைஸில் பிடித்துச் செய்யுங்கள். ஸ்பேனருக்குத் தரும் பலம் பைப்பையும் சேர்த்துத் திருப்பும், மறுமுனையில் உள்ள ஃபிளாஞ்ச், சென்சார், தொங்கும் ரப்பர் எல்லாம் அந்த முறுக்கைத் தாங்க வேண்டியிருக்கும். கழற்றவே முடியாது என்றால் பைப்பைப் பைப் ரிஞ்சால் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் அழுத்தம் கொடுக்க இன்னொருவர் வேண்டும்.

வண்டி வெறும் ஜாக்கியில் நிற்கும்போது அடியில் போகவே போகாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகு போங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் டப்பாவான கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் சுத்தியல் வேலை வேண்டாம். உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான், அதிர்ச்சியில் நொறுங்கினால் தூள் போய் அடைத்துக்கொள்ளும்.

வெல்டிங் இல்லாம கிளாம்ப் மட்டும் போட்டா லீக் ஆகாதா? பேஸ்ட் தடவலாமா?

ஒழுங்காக விரித்த ஜாயின்ட்டில் பட்டையான கிளாம்ப் நன்றாகப் பிடிக்கும். யு-போல்ட் கிளாம்ப் இரண்டு இடத்தில் மட்டும் நசுக்கும். பிடிக்கும், ஆனால் அடுத்த முறை கழற்ற வராது. வெளிப்பைப்பின் வாயில் எதிரெதிராக இரண்டு இடத்தில் ஆக்ஸா பிளேடால் 25 மி.மீ. நீளத்துக்குக் கீறிவிட்டால் கிளாம்ப் இறுக்கும்போது வாய் நன்றாகச் சுருங்கும். கீறல் உள்பைப்பின் நீளத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அதன் வழியே புகை வரும்.

சந்தை அடைக்கும் பேஸ்ட்டைச் சைலன்சர் பக்கம் தடவலாம். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஜாயின்ட்டில் தடவாதீர்கள், காய்ந்த துண்டு உதிர்ந்து உள்ளே போகும். அங்கே கசிவும் கூடாது: ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் பெட்ரோல் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றச் சொல்லும், மைலேஜ் விழும். சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள வேன்களில் கசிவு வண்டிக்குள்ளேயே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வேலை முடிந்ததும் திறந்த வெளியில் இன்ஜினை ஓடவிட்டு, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழ் வருகிறதா என்று பைப் சூடாவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

பைக் பெண்ட் பைப்பை விரிக்கலாமா அண்ணா?

பெரும்பாலும் வேண்டாம். சின்னப் பைப்பின் சதவீதக் கணக்கை மேலே பார்த்தோம். அதோடு பல பைக்குகளில் பெண்ட், அதாவது இன்ஜினிலிருந்து வளைந்து வரும் பைப், இரட்டைச் சுவர். உள்சுவரை விரித்தால் வெளிச்சுவர் அப்படியே நிற்கும், நடுவில் நசுங்கும். குரோம் பூச்சு உள்ள பைப்பில் விரித்த இடம் முழுக்கப் பூச்சு உரிந்து அங்கிருந்து துரு ஏறும். பைக்குக்கு ஸ்லீவ்தான் சரி.

கன்வெர்ட்டரை எடுத்துட்டு நேர் பைப் போட எக்ஸ்பாண்டர் தேவைப்படுது. எந்த சைஸ்?

இதற்கு நான் சைஸ் சொல்வதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 120-ஆவது விதி எல்லா வண்டிக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. புகைக்கும் சத்தத்துக்கும் உள்ள வரம்பை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம். அதைவிட முக்கியம், உங்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்.

பழைய பைப் வெளி விட்டம் 44.5, புது சைலன்சர் வாய் உள் விட்டம் 57.5. எக்ஸ்பாண்டரிலேயே சமாளிச்சிடலாமா?

பைப் கனம் 1.6 என்று வைத்துக்கொள்வோம். உள் விட்டம் 41.3. அதை 57 வெளி விட்டத்துக்குக் கொண்டுவர உள்ளே 53.8 ஆக்க வேண்டும், அதாவது 30 சதவீதம். நேராக முடியாது, கிழியும்.

நடுவில் ஒரு இரண்டு இஞ்ச் துண்டு வைத்து இரண்டு படியாகச் செய்யலாம். பழைய பைப்பை 47.2 வெளி விட்டத்துக்கு விரித்தால் (6.5 சதவீதம்) இரண்டு இஞ்ச் துண்டின் 47.6-க்குள் உட்காரும். அந்தத் துண்டின் மறுமுனையை 57-க்கு விரித்தால் 13 சதவீதம். நடுவில் ஒரு முறை காய்ச்சி ஆற விட்டால் வரும். ஆனால் இரண்டு ஜாயின்ட், இரண்டு கசிவு வாய்ப்பு. பழைய பைப்பின் இரும்பு நன்றாக இருந்தால்தான் இதில் இறங்கலாம். இல்லையென்றால் வெளி விட்டம் ஒரு பக்கம் 44.5, இன்னொரு பக்கம் 57 என்று அளவெழுதிக் கொடுத்து ஒரு ரெடியூசர் செய்து வாங்கி, இரண்டு பக்கமும் வெல்டிங் வைத்துவிடுங்கள். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பைப் பைப்பிலேயே போடுங்கள்.